உப்புக்கொத்தியின் நடை

பெரியப்பா தினத்தந்தியைச் சத்தமாகத்தான் வாசிப்பார். பிரம்மதேசத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் தலைப்பை எடுத்தால் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகை வரை கேட்கும். உச்சரிப்பில் பிசிறு இருக்காது. ழகரம் ழகரமாக விழும். அந்தக் காலத்துப் பி.யூ.சி. மரக்காணம் உப்பளத்தில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். முப்பது வயதைத் தாண்டியபோது யாரோ பேசுவது கேட்கிறது என்றார். பிறகு கோயில், மந்திரிப்பு, கடைசியில் மருத்துவமனை என்று எல்லா வீட்டிலும் நடக்கிற வரிசைதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. மனச்சிதைவு என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வருவதற்கே நான்கு வருஷம் பிடித்தது.

இப்போது குரல்கள் அவரைத் தொந்தரவு செய்வதில்லை. மாத்திரை தவறுவதில்லை. செய்தியை வாசித்து முடித்ததும் "என்னா பெரியப்பா போட்டிருக்கான்?" என்று கேட்டால் மட்டும் சிக்கல். பேப்பரைப் பார்ப்பார். திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்குவார். அதே குரல், அதே சுத்தம். இன்னொரு முறை கேட்டால் பேப்பரை நாலாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "நீயே படிச்சிக்கோ" என்பார். நான் நெடுங்காலம் அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மகன் இதற்கு நேர் எதிர். ஒருமுறை பார்த்த சினிமாவைச் சண்டைக் காட்சியோடு திருப்பிச் சொல்வான். பாடப் புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டினால் காதோரம் வியர்க்கும். 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து எழுத்தை மறந்த பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. எங்கள் பையனும் போனான். சொல்லிக்கொடுக்க வந்த பெண் நல்ல பொறுமைசாலி. சில வாரம் கழித்து அவள்தான் கண்டுபிடித்தாள். அவன் படிப்பதே இல்லை. பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துப் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறான். படத்தின் மேல் கையை வைத்து மறைத்ததும் பையன் ஊமையாகிவிட்டான். "இவ்ளோ மனப்பாடம் பண்ற புள்ள எப்படிண்ணா மக்கா இருக்கும்?" என்று அவள் என்னிடம் கேட்டாள். அவளுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரே திண்ணையில் இரண்டு பேர். ஒருவருக்கு எழுத்து வாயில் வருகிறது, உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது. இன்னொருவனுக்கு உள்ளே இடம் இருக்கிறது, எழுத்துதான் வாசலைத் தாண்டவில்லை.

எங்கள் ஊர்ப் பெயரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். தமிழ்நாட்டில் பிரம்மதேசங்கள் பல உண்டு. வேதம் ஓதுகிறவர்களுக்கு அரசர்கள் இறையிலியாக விட்ட ஊர்கள். அங்கே கற்றல் என்றால் காதால் வாங்கி நாவில் நிறுத்துவது. வேதத்துக்குத் தமிழில் எழுதாக்கிளவி என்றே பெயர். ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தால், என் அக்கா மகன் தலை மாணாக்கனாக இருந்திருப்பான். பிறப்பு பார்த்து உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை.

*

தை பிறந்தால் உப்பளத்தில் பாத்தி திருத்தும் வேலை தொடங்கும். ஐப்பசி மழை இறங்கும்வரை உப்புதான். வெயில் ஏறுமுன் வரப்பில் நடந்தால் உப்புக்கொத்திகளைப் பார்க்கலாம். குருவியைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, கழுத்தில் கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். பக்கத்துக் கழுவேலி ஏரியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது எல்லோரும் பூநாரையைத்தான் பேசினார்கள். இந்தச் சின்ன ஜீவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. குடுகுடுவென்று ஓடும். சட்டென்று நிற்கும். ஒரு கொத்து. மறுபடி ஓட்டம். ஓட்டத்தில் அதற்கு இரை கிடைப்பதில்லை, நிற்கிற இடத்தில்தான்.

நாம் படிக்கும்போது கண் செய்வதும் அச்சாக இதுவே. வரியின் மேல் பார்வை வழுக்கிக்கொண்டு போகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். 1879-இல் எவால்ட் ஹெரிங் என்ற ஜெர்மன் உடலியலாளர் ரப்பர் குழாயை இமைமேல் வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். கண் தசை விட்டுவிட்டு உறுமியது. அதே காலத்தில் பாரிஸில் எமீல் ஜவாலின் ஆய்வகமும் கண் தாவித் தாவியே படிக்கிறது என்று கண்டது. அமெரிக்காவில் எட்மண்ட் ஹியூயி இன்னும் துணிந்தார். கண்ணைக் கோகெய்ன் போட்டு மரக்கவைத்து, நடுவில் ஓட்டை போட்ட சாந்துக் கிண்ணத்தைக் கருவிழிமேல் பொருத்தி, அதிலிருந்து ஓர் அலுமினிய முள்ளை நீட்டிக் கண்ணையே எழுத வைத்தார்! படிப்பு என்ற சாதாரணக் காரியத்தைத் தெரிந்துகொள்ள மனிதர்கள் பட்ட பாடு.

ஒரு நிறுத்தம் ஏறக்குறைய கால் நொடி. ஒரு தாவல் அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். தாவுகிற நேரத்தில் மூளை பார்வையை அடக்கி வைத்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் கண்ணாடிமுன் நின்று உங்கள் இடக்கண்ணைப் பார்த்துவிட்டு வலக்கண்ணைப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். ஆங்கிலம் படிப்பவர் ஒரு தாவலுக்கு ஏழெட்டு எழுத்து நகர்கிறார். நூறு தாவலில் பத்துப் பதினைந்து, வந்த வழியே திரும்புகிற தாவல். திரும்பிப் பார்ப்பது குறையென்று யாரும் நினைக்கவேண்டாம், நன்றாகப் படிக்கிறவரும் திரும்பித்தான் பார்க்கிறார்.

நிற்கிற இடத்தில் எவ்வளவு வாருகிறோம் என்பதுதான் கேள்வி. 1975-இல் ஜார்ஜ் மெக்கான்கியும் கீத் ரேனரும் ஒரு தந்திரம் செய்தார்கள். படிப்பவரின் கண் நிற்கிற இடத்தைக் கருவி கண்டுபிடிக்கும். அதைச் சுற்றிக் கொஞ்சம் எழுத்தை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் திரையில் வெறும் பெருக்கல் குறிகளாக்கிவிடும். கண் நகர்ந்தால் சன்னலும் கூடவே நகரும். சன்னலைக் குறுக்கிக்கொண்டே வந்து எந்த அளவில் படிப்பு தட்டுத்தடுமாறுகிறது என்று பார்த்தார்கள். இப்படிப்பட்ட சோதனைகளில் தேறியது: ஆங்கில வாசகருக்கு நிற்கிற எழுத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு, வலப்பக்கம் பதினான்கு பதினைந்து. வலமிருந்து இடமாக ஓடும் ஹீப்ரு படிப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே புரண்டுவிடுகிறது. அதாவது சன்னலைச் செய்து கொடுத்தது பிறவி இல்லை. வரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கவனம் முன்னால் போய் இடம் பிடித்து வைக்கிறது.

கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டை வெட்டி, அதை வரிமேல் நகர்த்திப் படித்துப் பார்த்தேன். இரண்டு பத்திக்குள் எரிச்சல் வந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத்தான் இருந்தது. வரி முடியும்போது அது எங்கே தொடங்கியது என்பது போய்விட்டிருந்தது. அப்போதுதான் பெரியப்பா பேப்பரை மடித்துத் தொடைக்கு அடியில் வைக்கிற சைகை நினைவுக்கு வந்தது.

*

மனச்சிதைவுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு புதிய செய்தி கிடையாது. 1908-இலேயே டீஃபன்டார்ஃப் என்ற மனநல மருத்துவரும் டாட்ஜ் என்ற உளவியலாளரும் நோயாளிகளின் கண் அசைவைப் புகைப்படத் தகட்டில் பதிந்தார்கள். ஆடும் ஊசலை ஒட்டிப் போகச் சொன்னால் அவர்கள் கண் பின்தங்கி, பிறகு தாவிப் பிடித்தது. அந்த ஆய்வை உலகம் அறுபது வருஷத்துக்கு மேல் மறந்துபோனது. 1973-இல் ஃபிலிப் ஹோல்ஸ்மேன் அதே ஊசலை மறுபடி ஆட்டினார். நோயே இல்லாத நெருங்கிய உறவினர் சிலரின் கண்ணும் அப்படியே தடுக்கியது என்பது அவர் அடுத்துக் கண்டது. இதைப் படித்த அன்று நான் கண்ணாடிமுன் பென்சிலை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த 1908 எனக்கு வேறொரு காரணத்துக்காகவும் முக்கியம். மனச்சிதைவுக்கு முதல் மருந்து வந்தது 1950-களில்தான். ஆக எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட முடியாது. மாத்திரைக்கும் பங்கு உண்டுதான். உடம்பு இறுக்கத்துக்கும் கை நடுக்கத்துக்கும் தருகிற ட்ரைஹெக்சிஃபெனிடில் கிட்டத்துப் பார்வையை மங்கவைக்கும். பெரியப்பா "எழுத்து கலங்குதுடா" என்று சொன்னபோது நாங்கள் வயசாகிவிட்டது என்று கடைத்தெருவில் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த நோயில் படிப்பு கெடும் என்பதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. காரணம் ஒரு பரிசோதனை. தனிச்சொற்களை உரக்க வாசிக்கும் திறமை நோய் வந்தபின்னும் பெரிதாகக் குறைவதில்லை என்பதால், நோய்க்கு முன் ஒருவருக்கு எவ்வளவு அறிவு இருந்தது என்று அளக்கவே அதைப் பயன்படுத்தினார்கள். சொல் வருகிறது, அதனால் படிப்பு இருக்கிறது என்று கணக்கு முடிந்துவிட்டது. நியூயார்க் பக்கம் நாதன் கிளைன் நிறுவனத்தில் நாடின் ரெவ்ஹைமும் கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் சொல்லோடு நிற்காமல் பத்தியைக் கொடுத்துச் சோதித்தபோது, மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலோர் வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியாவின் அளவுகோலுக்கே வந்து சேர்ந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வெரோனிகா விட்ஃபோர்டும் மற்றவர்களும் அந்த நகரும் சன்னலை இவர்களிடம் வைத்துப் பார்த்தார்கள். மெதுவான படிப்பு, அதிக நிறுத்தம். வலப்பக்கத்து எழுத்து தருகிற முன்தகவல் மற்றவர்களுக்கு உதவிய அளவு இவர்களுக்கு உதவவில்லை. சன்னல் சிறுத்திருந்தது. அந்தச் சிறுத்தல் கண்ணைக் கட்டுப்படுத்தும் திறத்தோடும், ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் திறத்தோடும் சேர்ந்து ஏறி இறங்கியது.

ஒலி என்ற இடத்தில்தான் பெரியப்பா தன் பேரனை, என் அக்கா மகனை, சந்திக்கிறார்.

டிஸ்லெக்சியா என்றதும் எழுத்து நடனமாடுவது, தலைகீழாகத் தெரிவது என்று 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தின் காட்சி நம் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. நல்ல படம், பல வீட்டில் அடி நின்றது. ஆனாலும் குற்றவாளியாகக் கண்ணை நிறுத்திவிட்டது. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பதினாலு வயது கெட்டிக்காரப் பையனுக்கு எழுத்து மட்டும் ஏறவில்லை என்று முதலில் எழுதியபோதே அதற்குச் 'சொற்குருடு' என்றுதான் பெயர் வைத்தார். 1981-இல் ஜார்ஜ் பவ்லிடிஸ் இந்தப் பிள்ளைகளின் கண் அசைவிலேயே கோளாறு, படிக்காதபோதும் அது தெரிகிறது என்றார். மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தன. அந்த முடிவு திரும்ப வரவில்லை. மேலே சொன்ன ரேனர் எளிமையாக ஒன்றைக் காட்டினார். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அதற்கு எட்டுகிற எளிய பாடத்தைக் கொடுத்தால் கண் ஒழுங்காக நடக்கிறது. நன்றாகப் படிக்கிறவருக்குக் கடினமானதைக் கொடுத்தால் அவர் கண்ணும் அந்தப் பிள்ளையின் கண்போலத் திக்குகிறது. எழுத்தை ஒலியாக உடைத்துக் கோக்கும் இடத்தில் வேலை தாமதப்படுகிறது. கண் அதற்குக் காத்து நிற்கிறது. கண் இங்கே சாட்சி. சாட்சியைப் பிடித்து லாக்கப்பில் போட்டதுபோல, ஊரில் ஓர் இடத்தில் எங்கள் பையனுக்குப் பந்தைப் பார், சுவரைப் பார் என்று ஐந்து மாதம் கண் பயிற்சி கொடுத்தார்கள். பேர் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டார்கள், இந்தப் பயிற்சி டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லையென்று. அக்காள் வளையலை அடகு வைத்துக் கட்டிய பணம் அது.

*

ரேனர் சொன்னதை நான் நம்பியது மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயில் சுவரில்தான். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. எழுத்து பழகுகிற ஆசை எனக்குக் கொஞ்சநாளாக இருந்ததால் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. கால் எது, ரகரம் எது என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். கொம்பு குறிலா நெடிலா என்று எழுத்து சொல்லாது. விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்ந்தேன். நான்கு எழுத்து போய், சொல் கூடாமல், இரண்டு எழுத்து பின்னால் வந்து, மறுபடி போய். எனக்கே கேட்கிற அளவுக்கு வாய் முணுமுணுத்தது. சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள்.

"உனக்குமா மாமா?" என்றான்.

அவன் முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும்.

நாங்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து தமிழ் எழுத்தைத் திட்டினோம். தமிழ் எளிது, எழுதியபடி படிக்கலாம் என்று பெருமை பேசுகிறவர்கள் 'கொக்கு' என்பதைப் பிள்ளையின் இடத்திலிருந்து பார்க்கட்டும். கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. அதன் ஒலி ககரத்துக்குப் பின்னால்தான் வரவேண்டும். போதாததற்குக் ககரத்தைத் தாண்டி ஒரு கால் நிற்கிறது. அதையும் பார்த்த பிறகே அது கெ இல்லை, கொ என்று தெரியும். ஓர் எழுத்துக்குள்ளேயே கண் முன்னும் பின்னும் போய்வருகிறது. மூன்று சுழி, இரண்டு சுழி; ல, ள, ழ. ஒரே ககரம் கடலில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி, சங்கில் ஒரு மாதிரி. இருநூற்று நாற்பத்தேழையும் ஒன்றாம் வகுப்பிலேயே முடித்ததாக நாம் கணக்கெழுதிவிடுகிறோம். பெங்களூரில் சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் பார்த்து 2007-இல் எழுதியது வேறு: இதே குடும்பத்து எழுத்து முறையான கன்னடத்தில் எழுத்துகள் முழுக்கக் கைவர நான்காம் வகுப்பையும் தாண்டுகிறது. பெரியப்பாவுக்குத் தனி வழக்கு ஒன்று உண்டு. அவர் படித்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய துதிக்கை போட்ட லை, ணை. "யானையப் புடுங்கிட்டானுங்க" என்பார்.

*

எங்கள் பையனுக்கு இன்று ஒரு வழி இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் மனநோயையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள். அதே சட்டத்தின்கீழ் பெரியப்பாவுக்குச் சான்று வாங்க அலைந்தபோது ஓர் அலுவலகத்தில் விண்ணப்பத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். மேலிருந்து கீழ்வரை கணீரென்று வாசித்தார். "நல்லாத்தான படிக்கிறாரு, அப்புறம் என்ன ஊனம்?" என்றார் அந்த மேசைக்காரர். பெரியப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பாராட்டில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மனநோயின் பாதிப்பை அளக்க நம் நாட்டில் பயன்படுத்தும் ஐடியாஸ் அளவுகோலில் நான்கு தலைப்பு: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை. வாசிப்புக்குத் தனி இடம் கிடையாது. மாத்திரை அட்டை, ஒப்புதல் படிவம், வங்கிக் கடிதம் எல்லாம் எழுத்தில்தான் வருகின்றன. "படிச்சிப் பாத்து கையெழுத்து போடுங்க" என்கிறார்கள். அவர் படிக்கிறார். கையெழுத்தும் போடுகிறார்.

சென்னையில் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, நாற்பது வருஷமாக மனச்சிதைவோடு வாழ்கிறவர்களின் வேலை, கல்யாணம், குடும்பம் எல்லாவற்றையும் கவனித்து வந்திருக்கிறது. அங்கிருந்தோ வேறெங்கிருந்தோ யாராவது ஒரு தமிழ்ப் பத்தியை வைத்து இவர்களின் கண்ணைப் பின்தொடரவேண்டும் என்பது என் ஆசை. கொம்பும் காலும் உள்ள வரியில், ஒட்டிக்கொண்டே நீளும் நம் சொற்களில், அந்தச் சன்னல் எவ்வளவு அகலம் என்று பார்க்கவேண்டும்.

போன சித்திரையில், வெயிலுக்குப் பயந்து எல்லோரும் திண்ணையில் கிடந்த ஒரு மதியம், தாத்தாவும் பேரனும் தாங்களாகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அவர் சத்தமாக வாசிப்பார். முடித்ததும் "என்னடா போட்டிருக்கான்?" என்று இவனைக் கேட்பார். காதால் வாங்கியதை இவன் கதையாகச் சொல்வான். சில நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு பையனுக்குச் சலித்துவிட்டது, கலப்படம் செய்யத் தொடங்கினான். உப்பு விலை பற்றி ஒரு செய்தி வந்த அன்று, மூட்டைக்கு ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதாகத் தாத்தாவிடம் விட்டான். பெரியப்பா தலையாட்டினார். பேப்பரை மடிக்கப் போனவர் நிறுத்தினார். மடியில் விரித்து வைத்து விரலை வரிமேல் வைத்தார். விரல் கொஞ்சம் போயிற்று, நின்றது, பின்னால் வந்தது, மேல் வரிக்குப் போயிற்று. இந்த முறை வாயிலிருந்து சத்தம் வரவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நெடுநேரம் ஆயிற்று. எதிர்வீட்டு மாடு இரண்டு தரம் கத்தியது.

"டேய்," என்றார், "ஆயிரம் எங்கடா போட்டிருக்கான்?"